பியானோ பழகும் பிள்ளைக்கு 61 கட்டை கீபோர்டு போதாதா? கட்டை பாரமான 'வெயிட்டட்' டிஜிட்டல் பியானோ வாங்கத்தான் வேண்டுமா?

முதல் வருடத்துக்குப் போதும். அதற்குமேல் போதாது.

மகளுக்கு எட்டு வயது, பியானோவில் கிரேட் 1 படிக்கிறாள், வீட்டில் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது, மலிவாக ஒரு வெயிட்டட் பியானோ கிடைக்குமா, அது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். "இருக்கிறதே போதும்" என்று உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னது நான்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

இது காசுள்ளவர்களின் பேச்சு என்று யாரும் கீழே வந்து சொல்லவேண்டாம். நான் திருகோணமலையில் ஒரு அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். எங்கள் பியானோ சீட்டுக் காசில் வந்தது.

மகள் இரண்டு வருடம் கீபோர்டில்தான் பழகினாள். வகுப்பிலும் கீபோர்டுதான். அங்கே ஒரு பழைய பியானோ நின்றது, ஆனால் கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடித்து, பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்டன. சுருதி கூட்ட ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டும். யார் கூப்பிடுவது, யார் காசு கொடுப்பது? அப்படியே மூடி வைத்துவிட்டார்கள். ஆக, பியானோப் பரீட்சை நாளில்தான் என் பிள்ளை முதன்முதலாக உண்மையான பியானோவில் கை வைத்தாள்.

நான் வெளியே வாங்கில் இருந்தேன். வீட்டில் அவள் வாசித்து வாசித்து எனக்கே மனப்பாடமான பாட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் அது ஓட்டை விழுந்த மாதிரிக் கேட்டது. நாலு சுரம் வந்தால் ஐந்தாவது வரவில்லை. மெதுவாக வாசிக்கவேண்டிய இடத்தில் வலது கை முழுவதும் காணாமல் போனது. வெளியே வந்தவள் மோதிர விரலையும் சின்ன விரலையும் மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "அம்மா, அது கல்லு மாதிரி இருக்கு. அமத்தினாலும் சத்தம் வரல்ல" என்றாள். நான் பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தேன், ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை என்று. தினமும் பின்னேரம் முக்கால் மணித்தியாலம் அவள் இருந்து வாசித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

மட்டுமட்டாகத் தேறினாள். இரண்டு மாதம் கழித்து, மட்டக்களப்பில் சேர்ச்சில் வாசிக்கும் பெரியம்மாவின் மகள் வந்திருந்தபோது அந்தக் கீபோர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னா, "பிள்ளையில பிழை இல்லடி. இது சுவிட்ச். இதில பழகினா விரல் ஓடும், பலம் வராது." அன்று இரவு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை மறந்துவிட்டாள். எனக்குத்தான் மறக்கவில்லை.

அக்கா சொன்னதன் விளக்கம் இதுதான். சாதாரணக் கீபோர்டில் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான் இருக்கின்றன. உண்மையான பியானோவில் நீங்கள் கட்டையை அழுத்தும்போது உள்ளே ஒரு சுத்தியலைத் தூக்கி எறிகிறீர்கள், அது போய்க் கம்பியில் அடிக்கிறது. ஒரு கட்டை கீழே இறங்க ஏறக்குறைய 50 கிராம் பாரம் வேண்டும். இடது பக்கம் பாரம் கூட, வலது பக்கம் குறைய. வெயிட்டட் டிஜிட்டல் பியானோவில் கம்பி இல்லை, ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் சின்னதாக ஒரு சுத்தியல் வைத்திருக்கிறார்கள். கடையில் "டச் இருக்கு" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அடிக்கிற வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடும் குறையும் என்பது மட்டும்தான் அதன் அர்த்தம், பாரம் அல்ல. 'செமி வெயிட்டட்' என்பதும் பெரும்பாலும் ஸ்பிரிங்தான். 'ஹேமர் அக்ஷன்' என்று எழுதியிருக்கவேண்டும், 88 கட்டை இருக்கவேண்டும்.

கீபோர்டைப் பழிக்கவில்லை. பாட்டுக் குழுவுக்கும் சேர்ச் பாடல்களுக்கும் அதுதான் வசதி. நான் சொல்வது பியானோப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு.

எங்களுடையது பாவித்த யமஹா பி-45. 140,000 ரூபாய் கொடுத்தேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபிறகு புதியதை நினைத்தும் பார்க்க முடியவில்லை. இப்போது அதன் இடத்தில் பி-145 வருகிறது. கையால் தொட்டதில் எனக்குப் பிடித்தது ரோலண்ட் எஃப்பி-10. கட்டை இன்னும் பாரமாக, உண்மைக்குக் கிட்ட இருக்கிறது, காசு இருந்தால் அதுதான். காசியோ சிடிபி-எஸ்110 பத்தரைக் கிலோதான், ஆறு சின்னப் பற்றரியிலும் வேலை செய்யும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முந்நூறு வகைச் சத்தமும் தாளமும் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பிள்ளைக்குப் பியானோச் சத்தம் ஒன்று போதும்.

பாவித்ததை வாங்கப் போனால் 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, ஒரே பலத்தில் அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் திடீரென்று கத்தினால் உள்ளே ரப்பர் பழுது. பிறகு கரண்டை நிறுத்திவிட்டும் அழுத்திப் பாருங்கள். டக் டக் என்று மரத்தில் தட்டுகிற சத்தம் பெரிதாக வந்தால் ஹெட்போன் போட்டாலும் பக்கத்து அறையில் தூங்க முடியாது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வாயில் வருகிறது. பியானோ வந்த வருடம் மகள் ஐந்தாம் ஆண்டு, பள்ளியில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வருடம். அலுவலகத்திலும் சொந்தத்திலும் கேட்காதவர் இல்லை, "புலமைப்பரிசில் வருசத்தில பியானோவா?" பத்து வயதுப் பிள்ளைக்குச் சனி டியூஷன், ஞாயிறு டியூஷன், தகரக் கொட்டகைக்குள் வெக்கையில் வினாத்தாள். டச்பே கடற்கரை பத்து நிமிட நடை, அந்த வருடம் முழுக்க அவளோடு படிக்கிற பிள்ளைகள் அங்கே போனதாக நான் காணவில்லை. ஒரு பரீட்சைக்காகச் சின்னப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையைப் பறிக்கிறோம், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் ஞாயிறு வகுப்பை நிறுத்தினேன். ஏச்சு வாங்கினேன். சரி, கேட்டதற்கு வருகிறேன்.

ஸ்டாண்டுக்குக் காசு செலவழிக்கவேண்டாம், ஆனால் சாப்பாட்டு மேசையிலும் வைக்காதீர்கள். மேசை முப்பது அங்குலம், அதன்மேல் பியானோ ஏறினால் பிள்ளையின் தோள் காதுக்கு வரும். தச்சரிடம் இருபத்துநாலு அங்குல உயரத்தில் ஆடாத மேசை ஒன்று செய்வித்தேன். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வருகிறமாதிரி வாங்கில் தலையணை போட்டுச் சரிசெய்தோம். கடற்பக்க யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். வாசித்து முடிந்ததும் பழைய பருத்திச் சேலை ஒன்றால் மூடிவிடுங்கள், உப்புக் காற்று கட்டை இடுக்குகளுக்குள் போகாது.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. திருகோணமலைப் பக்கம் என்றால் வாங்கமுன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒருதடவை வாங்கோ, எங்கள் வீட்டுப் பியானோவில் கை வைத்துப் பார்க்கட்டும். ஐந்து மணிக்குப் பிறகு என் மகளும் வீட்டில் இருப்பாள்.