விடியும்வரை பொறுக்கலாமா, டாக்டர்?

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் போன மாதம் ஒரு ராத்திரி சாப்பிட்டபின் ஓங்கரித்துக்கொண்டே இருந்தான். நுரை மட்டும்தான் வந்தது. வயிறும் உப்பியிருந்தது. எப்படியோ சரியாகிவிட்டது. மறுபடி வந்தால் காலைவரை பார்க்கலாமா?

பதில்: பார்க்கவே கூடாது. தப்பித்தது அவன் அதிர்ஷ்டம். இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொண்டால் மேலேயும் வழி இல்லை, கீழேயும் வழி இல்லை. அதனால்தான் எவ்வளவு ஓங்கரித்தாலும் ஒன்றும் வெளியே வராது. உப்பிய இரைப்பை பெரிய ரத்தக்குழாய்களை அமுக்கும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். ஷெப்பர்ட், கிரேட் டேன் போல நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இது அதிகம் வரும். நாய் ஒரு இடத்தில் படுக்காது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும். விலாவுக்குப் பின்னால் தட்டினால் சில நாய்களுக்கு மேளம்போலச் சத்தம் கேட்கும். ஓமத்தண்ணீர், சோடா என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மருத்துவமனைக்குப் போன் செய்துகொண்டே வண்டியை எடுங்கள். காற்றை வெளியேற்றி, அறுவை செய்து முறுக்கை எடுத்து, மறுபடி திருகாமல் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைக்க வேண்டும். சீக்கிரம் வந்த நாய்கள் பிழைத்து வீடு போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அவசரமா இல்லையா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். வெள்ளையாகவோ நீலமாகவோ இருந்தால் நேரம் கடத்தாதீர்கள். சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு; அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை பார்த்துப் பழகிவிடுங்கள். தூங்கும் நாய் நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தாலும் எங்களைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மே மாத வெயிலில் எங்கள் பக் நாய் தள்ளாடி விழுந்துவிட்டது. ஐஸ் தண்ணீரில் முக்கலாமா?

பதில்: வேண்டாம். நிழலுக்குத் தூக்கிப் போய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேனைப் போடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். உடம்புச் சூடு 103.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள். எழுந்து நடந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது பிறகுதான் தெரியும்.

கேள்வி: எங்கள் நாய் எலி மருந்தைத் தின்றுவிட்டது. ஓடி விளையாடுகிறதே?

பதில்: அந்த விளையாட்டை நம்பாதீர்கள். சில எலி மருந்துகளில் உள்ளே ரத்தம் கசிவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். பாக்கெட்டைக் கையோடு எடுத்து வாருங்கள், மருந்துக்கு மருந்து சிகிச்சை மாறும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

கேள்வி: ஏழு வயதுப் பெண் நாய், கருத்தடை செய்யவில்லை. ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து ஒரு மாதம். தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், சோறு வேண்டாம் என்கிறாள்.

பதில்: கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கீழே கசிவு இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். வாய் மூடிய கருப்பைதான் அதிக ஆபத்து. இன்றைக்கே ஸ்கேன் எடுங்கள்.