தபால் ஓடாத வாரத்தின் முதலிடம்

அல்சூரில் வசிக்கும் வாசகி ஒருவர், மறைந்த தம் தந்தையின் தகரப் பெட்டியில் கிடைத்த நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை நமக்கு அனுப்பியிருந்தார். சிற்றலை வானொலியில் கேட்ட பிரிட்டிஷ் பாடல் வரிசையை அவர் தந்தை வாரந்தோறும் நீல மையில் எழுதிவைத்த பக்கங்களுள் ஒன்று அது. சென்ற இதழில் அதன் படம் வெளியானதும் பெங்களூரின் பல பகுதிகளிலிருந்து கேள்விகள் வந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

வாசகி, அல்சூர்: 30-1-1971 என்று தேதியிட்ட பக்கத்தில் முதல் வரியாக ஜார்ஜ் ஹாரிசனின் ‘மை ஸ்வீட் லார்ட்’ இருக்கிறது. அதன் ஓரத்தில் அப்பா பென்சிலால் ‘தபால் ஸ்டிரைக்’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறார். பாட்டுக்கும் தபாலுக்கும் என்ன தொடர்பு? கேட்டுத் தெரிந்துகொள்ள இன்று அவர் இல்லை.

பதில்: தங்கள் தந்தை மிகக் கவனமான நேயராக இருந்திருக்கிறார், அம்மா. பாட்டைக் கேட்டு ரசித்ததோடு நில்லாமல், அந்த வரிசை எப்படி உருவாகிறது என்பதையும் அவர் தெரிந்துவைத்திருந்தார் என்பதற்கு அந்தப் பென்சில் குறிப்பே சான்று.

பிரிட்டனில் பாடல் வரிசை என்பது நேயர் விருப்பம் அன்று, விற்பனைக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டாக, நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் ஏழு அங்குலச் சிறு இசைத்தட்டை அங்கே ‘சிங்கிள்’ என்பார்கள். ஒரு வாரத்தில் எந்தச் சிங்கிள் அதிகம் விற்றதோ அதற்கு முதலிடம். 1969 பிப்ரவரியிலிருந்து இந்தக் கணக்கை பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ என்ற ஆய்வு நிறுவனம், பி.பி.சி.க்காகவும் ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ என்ற வணிகப் பத்திரிகைக்காகவும் தயாரித்து வந்தது. நாட்டில் உள்ள எல்லாக் கடைகளையும் எண்ணுவது இயலாது என்பதால், ஏறக்குறைய 250 கடைகளை மாதிரிக்குத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கடைக்கும் ஒரு விற்பனை நாட்குறிப்பைக் கொடுத்திருந்தார்கள். கடையில் நிற்பவர் ஒரு தட்டை உறையில் போட்டுக் கொடுத்ததும் அதன் எண்ணை அந்தக் குறிப்பில் எழுத வேண்டும். சனிக்கிழமை மாலை கதவைச் சாத்தியதும் அந்தத் தாள்களை உறையிலிட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். அவை வந்து சேர்ந்ததும் துளை அட்டைகளில் ஏற்றிக் கணிப்பொறிக்குக் கொடுப்பார்கள்; திங்கட்கிழமை வரிசை தயாராகும்; செவ்வாய்க்கிழமை வானொலியில் அறிவிப்பார்கள்; வியாழன் மாலை தொலைக்காட்சியில் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சி அதை வைத்தே நடக்கும்; பத்திரிகையில் அச்சாகும்போது அந்த வாரச் சனிக்கிழமையின் தேதியைத் தாங்கி வரும். ஆக, முழு ஏற்பாடும் சனி இரவுக்கும் திங்கள் காலைக்கும் இடையே ஓடும் தபால்காரரின் காலை நம்பியிருந்தது.

அந்தக் கால்தான் 1971 ஜனவரி 20, புதன்கிழமை அன்று நின்றுவிட்டது. ஊதிய உயர்வு கேட்டு பிரிட்டனின் தபால் ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது 47 நாட்கள் நீடித்து மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் முடிந்தது. தங்கள் தந்தையின் பக்கத்தில் உள்ள 30-ம் தேதி வரிசை, 23-ம் தேதி சனிக்கிழமையோடு முடிந்த வார விற்பனையைக் கொண்டது. அதாவது, வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எழுதி முடிக்கப்பட்ட முதல் நாட்குறிப்புகள் அவை. தபாலில் போய்ச் சேர வழியே இல்லை. தொலைபேசியில் கடை கடையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு உபாயம் இருக்கவில்லை. கடைக்காரர் படிக்க, மறுமுனையில் ஒருவர் எழுத, நூற்றுக்கணக்கான தட்டு எண்களை அப்படி வாங்குவது எத்தகைய வேலை என்பதை, ரேஷன் கடைக் கணக்கைத் தொலைபேசியில் ஒப்பித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். எல்லாக் கடைகளிடமிருந்தும் கணக்குப் பெற முடியாததால், சில வாரங்களுக்கு 50 இடங்களுக்குப் பதிலாக 40 இடங்களை மட்டுமே வெளியிட்டார்கள். பிற்பாடு, 1973 அளவில், தபாலை நம்பியிராமல் மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பித் தாள்களைச் சேகரிக்கத் தொடங்கியதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் குறிப்பை வைத்து முதலிடத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஜனவரி 15-ம் தேதி கடைக்கு வந்த ‘மை ஸ்வீட் லார்ட்’ தொடர்ந்து ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிளும் அதுவே. மாதிரிக் கணக்கில் தபால் தடைப்பட்டால் தடுமாறுவது 38-ம் இடமும் 45-ம் இடமும்தான். அங்கே இருபது முப்பது தட்டுகளின் வித்தியாசம் ஒரு பாட்டை உள்ளே இழுக்கும், இன்னொன்றை வெளியே தள்ளும். மலை உச்சி எங்கே என்பதில் குழப்பம் வராது. அடிவாரம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வரும்.

இன்னொரு செய்தி, தற்செயலானது என்றாலும் சொல்லத் தோன்றுகிறது. அந்த வரிசையை அறிவித்த செவ்வாய்க்கிழமை ஜனவரி 26. நம் குடியரசு நாளில் லண்டனில் முதலிடம் பெற்ற பாட்டில் ஒரு சமஸ்கிருத சுலோகம் இருந்தது.

வாசகர், ஃபிரேசர் டவுன்: அந்தப் பாட்டில் ‘குருர் பிரம்மா’ சுலோகம் வருகிறது என்று என் நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. உண்மையா? வாங்கிய ஆங்கிலேயர்களுக்கு அது புரிந்திருக்குமா?

பதில்: உண்மைதான். பாட்டின் பின்னணிக் குழு முதலில் ‘அல்லேலூயா’ என்று பாடுகிறது. கேட்பவர் அதிலேயே லயித்திருக்கும்போது, அது மெல்ல ‘ஹரே கிருஷ்ணா’ என மாறுகிறது. பிறகு, நம் பள்ளிப் பிள்ளைகள் பிரார்த்தனை வேளையில் சொல்லும் அதே ‘குருர் பிரம்மா, குருர் விஷ்ணு’ முழுதாக வருகிறது. பழகிய சொல்லைப் பாடிக்கொண்டே பழகாத சொல்லுக்குள் கேட்பவரை அழைத்துப் போக வேண்டும் என்பதே ஹாரிசனின் திட்டம். இதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

புரிந்து வாங்கினார்களா என்றால், பெரும்பாலோர் அப்படி வாங்கியிருக்க மாட்டார்கள். பீட்டில்ஸ் குழு பிரிந்த பிறகு அதன் உறுப்பினர் ஒருவர் தனியாகப் பெற்ற முதல் முதலிடம் அது. அந்த ஆர்வமும், வழுக்கிச் செல்லும் அந்த கிட்டார் ஒலியும் போதுமானவையாக இருந்தன. அதே சமயம், பிரிட்டிஷ் காதுகளுக்கு அந்த நாமம் முற்றிலும் புதிதும் அன்று. 1969-ல் லண்டன் ராதாகிருஷ்ணர் கோயில் பக்தர்களை வைத்து ஹாரிசன் தயாரித்த ‘ஹரே கிருஷ்ண மந்திரம்’ அதே வரிசையில் 12-ம் இடம் வரை போனது. மறு ஆண்டு வந்த ‘கோவிந்தா’ 23-ம் இடம் பெற்றது. மொட்டைத் தலையும் நாமமும் மிருதங்கமுமாக அவர்கள் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ மேடையில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

பாட்டின் மெட்டைப் பற்றிப் பின்னர் வழக்கு நடந்தது. 1963-ல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற ‘ஹி இஸ் ஸோ ஃபைன்’ என்ற பாட்டின் மெட்டை ஹாரிசன் தம்மை அறியாமலே எடுத்தாண்டுவிட்டார் என்று 1976-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘தம்மை அறியாமலே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். திருட்டு என்று நீதிபதி சொல்லவில்லை.

வாசகர், மல்லேஸ்வரம்: அதற்கு முந்தின வாரம் முதலிடத்தில் இருந்தது எது? இரண்டாம் இடம் யாருக்கு?

பதில்: ‘கிராண்டாட்’, அதாவது ‘தாத்தா’. பாடியவர் கிளைவ் டன் என்ற நகைச்சுவை நடிகர். ‘டாட்’ஸ் ஆர்மி’ தொலைக்காட்சித் தொடரில் தொண்டு கிழவராக நடித்துப் புகழ் பெற்றவர். ஜனவரி 9-ம் தேதி வரிசையில் அவர் பாட்டு முதலிடம் பெற்றது. அன்றுதான் அவருக்கு 51 வயது நிறைந்தது. மூன்று வாரம் அவர் அங்கே உட்கார்ந்திருந்ததால் இழந்தவர் மார்க் போலன். அவருடைய டி ரெக்ஸ் குழுவின் ‘ரைட் எ ஒயிட் ஸ்வான்’ 1970 அக்டோபரில் பட்டியலின் அடியில் நுழைந்து, படிப்படியாக ஏறி, ஜனவரியில் 2-ம் இடத்தைத் தொட்டு அதோடு நின்றது. போலன் அதிக நாள் காத்திருக்கவில்லை. மார்ச் மாதம் ‘ஹாட் லவ்’ முதலிடத்தில் ஆறு வாரம் நின்றது. ஹாரிசனுக்குக் கீழே 2-ம் இடத்தில் சிக்கிக்கொண்டது மிக்ஸ்சர்ஸ் என்ற ஆஸ்திரேலியக் குழுவின் சைக்கிள் பாட்டு.

வாசகர், சிவாஜிநகர்: அந்தக் காலத்து ஆங்கில இசை வார இதழ்கள் சில என்னிடம் உள்ளன. ஒரே வாரத்துக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசை போடுகிறது. எதை நம்புவது?

பதில்: ஒவ்வொரு இதழும் தனக்கென்று சில கடைகளை வைத்துக்கொண்டு தனியே கணக்கெடுத்தது, அதனால் வந்த வேறுபாடு. பிரிட்டனில் விற்பனை வரிசையை முதலில் தொடங்கியதே ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ என்ற வார இதழ்தான், 1952 நவம்பர் 14-ல், பன்னிரண்டே இடங்களுடன். இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி எடுத்த கணக்கு. ‘மெலடி மேக்கர்’ போன்ற இதழ்கள் பிறகு சேர்ந்துகொண்டன. பி.பி.சி. இவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து அறிவித்து வந்தது. பரீட்சை மதிப்பெண்ணைப் போல் இதைச் சராசரி எடுக்கலாமா என்ற கேள்விக்கு 1968 ஆகஸ்டில் விடை கிடைத்தது: மூன்று பாட்டுகள் சரிசமமாக முதலிடத்தில் வந்து நின்றன. அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன ஆய்வு நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். ஆகவே 1969 பிப்ரவரிக்குப் பிந்தைய வாரங்களுக்கு அந்த வரிசையையே ஆதாரமாகக் கொள்ளுங்கள். அதற்கு முந்தையவற்றில் சண்டை இன்றும் தீரவில்லை.

ஆதாரம் என்பதால் குற்றமற்றது என்று பொருள் இல்லை. மாதிரிக் கடைகளின் பெயர் ரகசியம் என்றார்கள். ஆனால் இசைத்தட்டுத் தொழிலில் இருந்தவர்களுக்கு அது ரகசியமாக நீடிக்கவில்லை. குறிப்பிட்ட கடைக்கு ஆள் அனுப்பித் தங்கள் தட்டைத் தாங்களே வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு ‘ஹைப்’ என்று தனிப்பெயரே இருந்தது. நம் ஊரில் படம் வெளியான நாளன்று ரசிகர் மன்றமே டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி ‘அரங்கு நிறைந்தது’ பலகை போடவைத்த காலத்தைக் கண்டவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

வாசகி, ராமமூர்த்தி நகர்: இதைவிட நம் பினாகா கீத்மாலா வரிசை நேர்மையானது அல்லவா?

பதில்: அமீன் சயானியின் குரல் மீது எனக்கும் பற்று உண்டு. ஆனால் இரண்டும் ஒரே இனம் அல்ல. இலங்கை வானொலியில் புதன்கிழமை இரவு ஒலித்த அந்த நிகழ்ச்சி, கடை விற்பனையோடு நேயர்களின் கடிதங்களையும் கணக்கில் எடுத்தது. கடிதம் எழுதுகிறவர் காசு கொடுத்துத் தட்டு வாங்கியிருக்க வேண்டியதில்லை. தட்டு வாங்குகிறவர் கடிதம் எழுதியிருக்க வேண்டியதில்லை. இரண்டும் தொடங்கியது 1952-ல். இரண்டும் தபால்காரரை நம்பியவை.

வாசகர், ஜீவன்பீமா நகர்: சென்னையில் பிறந்த ஒருவர் அந்த வரிசைகளில் இருந்தார் என்கிறார்களே?

பதில்: எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். 1936-ல் சென்னையில் பிறந்தவர். இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி. 1967-ல் பீட்டில்ஸையே 2-ம் இடத்தில் நிறுத்தியவர். 1971-ல் அவருடைய ‘அனதர் டைம், அனதர் பிளேஸ்’ 13-ம் இடம் வரை சென்றது. கிளிஃப் ரிச்சர்ட் லக்னோவில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசகி, அல்சூர்: மீண்டும் நானே. ஜூடி காலின்ஸ் பாடிய ‘அமேசிங் கிரேஸ்’ பெயரை அப்பா பல பக்கங்களில் எழுதி, அருகில் ‘இன்னும்!’ என்று போட்டிருக்கிறார். அது ஒரு வாரமும் முதலிடத்தில் இல்லை. பிறகு ஏன் இந்த ஆச்சரியக்குறி?

பதில்: அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆச்சரியக்குறிதான். காலின்ஸின் பாட்டு 5-ம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. ஆனால் 1970 டிசம்பரில் உள்ளே வந்தது, வெளியே போனது, திரும்ப வந்தது. இப்படியே 1972 வரை மொத்தம் 67 வாரங்கள் பட்டியலில் இருந்தது. வாராந்தர வரிசை ஆறு நாள் விற்பனையை மட்டுமே அறியும். ஒரே வாரத்தில் எல்லோரும் கடைக்கு ஓடினால் முதலிடம் கிடைக்கும். அதே எண்ணிக்கையினர் ஒன்றரை ஆண்டில் ஒருவர் பின் ஒருவராக, நிதானமாக வந்து வாங்கினால் 30-ம் இடமும் 40-ம் இடமும்தான். கிறிஸ்தவ ஆலயத்தில் பாடும் பழைய கீதம் அது. பக்க வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல்களால் மட்டுமே பாடப்பட்டது. வாங்கியவர்களுக்கு அவசரம் இருந்திருக்காது.

தந்தையின் நோட்டில் 1972 ஏப்ரல் பக்கங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 15-ம் தேதியிலிருந்து ஐந்து வாரங்கள் அதே கீதம் முதலிடத்தில் இருக்கும். ஆனால் வாசித்தவர்கள் ராயல் ஸ்காட்ஸ் டிரகூன் கார்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் பைக்குழல்காரர்கள். அதே ஆண்டில் காலின்ஸின் பதிவும் பட்டியலுக்குள் மறுபடி எட்டிப் பார்த்தது. அங்கேயும் அவர் ‘இன்னும்!’ என்று எழுதியிருக்கிறாரா என்று தெரிவியுங்கள்.