வாசகர் கேள்வி – பதில்: 13 அத்தியாயங்களில் கலைந்த தனிப்படை

கேள்வி: ‘கிரிமினல் மைண்ட்ஸ்: சஸ்பெக்ட் பிஹேவியர்’ என்ற அமெரிக்கத் தொடர் 13 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது ஏன்? ஆஸ்கர் விருது பெற்ற ஃபாரஸ்ட் விட்டேக்கர் நடித்தும் ஓடவில்லையா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: ஓடவில்லை. 2011 பிப்ரவரி 16 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடரை நிறுத்தும் முடிவு, கடைசி அத்தியாயம் ஒளிபரப்பாவதற்கு எட்டு நாள் முன்பே, மே 17 அன்று வெளியாகிவிட்டது. விட்டேக்கரைக் குறை சொல்வதற்கில்லை. குற்றவாளியின் நடத்தையை ஆராய்ந்து ஆளைப் பிடிக்கும் ஒரு எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) குழுவை, குரலை உயர்த்தாமலேயே ஆள்கிற தலைவராக அவர் நன்றாகவே நடித்திருந்தார்.

தொடரைக் கவிழ்த்தது அதற்குக் கிடைத்த நேரம்தான் என்பது என் எண்ணம். 2005 முதல் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்த தாய்த் தொடரான ‘கிரிமினல் மைண்ட்ஸ்’ புதன்கிழமை இரவு முடிந்த கையோடு, அதே தொழில், அதே வகைக் கொலைகாரர்கள், கணினி முன் அமர்ந்திருக்கும் அதே கார்சியா பாத்திரம் என்று இது தொடங்கியது. ஆறு ஆண்டுகளாகப் பழகிய முகங்களுக்கு விடைகொடுத்த அடுத்த நிமிடமே ஐந்து புதிய முகங்களிடம் மனத்தைக் கொடுக்கும்படி பார்வையாளரைக் கேட்டால், அவர் ஒப்பிடுவாரே தவிர ஒட்டமாட்டார். சிறைத்தண்டனை அனுபவித்த ஒருவர் எஃப்.பி.ஐ. குழுவில் பணியாற்றுவதாக ஒரு பாத்திரம் இதில் உண்டு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தாலே தொடருக்குத் தனி முகம் கிடைத்திருக்கும். வாரம் ஒரு கொலையாளியைப் பிடிக்கும் அவசரத்தில் அது பின்னுக்குப் போய்விட்டது. 2016இல் வந்த மற்றொரு கிளைத் தொடரும் 26 அத்தியாயங்களைத் தாண்டவில்லை.

கேள்வி: யாருக்கும் கட்டுப்படாமல், எஃப்.பி.ஐ. இயக்குநருக்கு மட்டும் பதில் சொல்லும் இப்படியொரு குழு உண்மையில் இருக்கிறதா? நம் எஸ்.பி. அமைக்கும் தனிப்படையும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: குற்றவாளியின் நடத்தையை ஆராயும் பிரிவு எஃப்.பி.ஐ.யில் 1972 முதல் இருக்கிறது; அதன் களம் வர்ஜீனியா மாநிலத்தின் குவாண்டிகோ. ஆனால் தனி விமானத்தில் பறந்து வந்து கதவை உடைப்பது அவர்களுடைய அன்றாட வேலையன்று. உள்ளூர்க் காவல்துறை உதவி கேட்கும்போது கோப்புகளையும் புகைப்படங்களையும் படித்து, எப்படிப்பட்ட ஆளைத் தேடலாம் என்று ஆலோசனை சொல்வதே பெரும்பகுதி வேலை. நம் தனிப்படையோ ஒரு வழக்குக்காகக் கூடி, வழக்கு முடிந்ததும் கலைவது. செல்போன் டவர் பதிவுகளையும் தொப்பூர், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிகளின் கேமராப் பதிவுகளையும் நாள் முழுக்கப் புரட்டிக்கொண்டிருப்பவர்களும், கைது செய்யப் போகிறவர்களும் பெரும்பாலும் அதே சில காவலர்கள்தான்.

சிறப்புப் படை என்றால் என்ன என்பதை நம் தர்மபுரி மாவட்டத்தவருக்கு அமெரிக்கத் தொடர் சொல்லித் தரவேண்டியதில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் வேட்டை, 2004 அக்டோபர் 18 அன்று இரவு பாப்பாரப்பட்டி அருகேதான் முடிந்தது. அது நடத்தை ஆய்வுக் குழு அன்று, தேடுதல் படை. என்றாலும் அங்கே காரியத்தை முடித்தது துப்பாக்கிச்சூடு மட்டுமன்று. தங்கள் ஆட்களை அவருடைய நம்பிக்கைக்குரியவர்களாக்கி, அவரே விரும்பி ஆம்புலன்ஸில் ஏறும்படி செய்ததற்குப் பின்னால் பல மாதப் பொறுமை இருந்தது. விளம்பரம் போக முக்கால் மணி நேரத்தில் ஆளைப் பிடித்தாக வேண்டிய தொடரால் அந்த மாதங்களைக் காட்ட இயலாது. அதனால்தான் இவ்வகைத் தொடர்களில் எல்லாரும் பார்த்த மாத்திரத்தில் ஊகிக்கிறார்கள், ஊகித்தது பலித்தும் விடுகிறது.

கேள்வி: இனிமேல் பார்க்கத் தொடங்குபவர் எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகர், ஓசூர்

பதில்: தாய்த் தொடரின் ஐந்தாம் சீசனில், 2010 ஏப்ரலில் ஒளிபரப்பான 18ஆம் அத்தியாயத்தில் இந்தக் குழு முதன்முதலாக அறிமுகமாகிறது. அதைப் பார்த்துவிட்டு 13 அத்தியாயங்களுக்கு வாருங்கள். சிறுவர்களை அருகில் உட்காரவைத்துப் பார்க்கக்கூடிய தொடர் அன்று.