டைவ் கம்ப்யூட்டர்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஸ்கூபா டைவர்கள் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பற்றியவை. இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம்: ஆழத்தையும் நேரத்தையும் தொடர்ந்து அளந்து, உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போடும் கருவி அது. அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருந்தால் வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வரலாம் என்று காட்டும். அந்த நிமிடங்களைத்தான் நோ-டெகோ நேரம் என்கிறோம்.

கேள்வி: ஹேவ்லாக்கில் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தேன். வருடத்துக்கு ஓரிரு முறை அந்தமான், இடையில் புதுச்சேரி என்று போய்வருகிறேன். வயது 46. அமோலெட் திரை, டேங்க் பிரஷரையும் காட்டும் வசதி எல்லாம் உள்ள வாட்ச் மாடலைத்தான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். ஒற்றைப் பட்டன் மாடலே போதும், மிச்சக் காசில் இன்னொரு டிரிப் போகலாம் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? (சென்னை வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான தகவல் உங்கள் வயதுதான். அதைக் கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார், நண்பரும் யோசித்திருக்க மாட்டார்.

நாற்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அவை அருகில் இருப்பது போலவும் தெரியும், அருகில் பார்ப்பதுதானே நம் கண்ணுக்குச் சிரமம். வாட்ச் அளவு மாடல்களின் திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வட்டம் சின்னது. ஷியர்வாட்டர் டெரிக் 1.39 அங்குலம், சூன்டோ ஓஷன் 1.43 அங்குலம், கார்மின் டிசென்ட் எம்கே3-இன் சிறிய மாடல் 1.2 அங்குலம்தான். அதற்குள் ஆழம், நேரம், நோ-டெகோ, டேங்க் பிரஷர், காம்பஸ் எல்லாவற்றையும் அடைத்தால் ஒவ்வொன்றும் பொடி எழுத்தாகிவிடும். கடையின் வெளிச்சத்தில் அது பளிச்சென்று இருக்கும். புதுச்சேரியில் கலங்கிய பச்சைத் தண்ணீரில் 18 மீட்டரில், கை கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும்போது படித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

நண்பர் சொல்லும் ரகத்தில் கிரெஸ்ஸி லியோனார்டோவையும் மாரெஸ் பக் ப்ரோவையும் நிறையப் பேர் கையில் பார்க்கலாம். இவற்றின் ஆழ எண் தாராளமாகப் பெரியது. இந்த விஷயத்தில் விலை குறைந்த மாடல் விலை உயர்ந்த வாட்சை வென்றுவிடுகிறது. ஆனால் இவை வண்ணமில்லாத சாதாரண எல்சிடி திரைகள். வெயில் இறங்கும் ஐந்து மீட்டரில் நன்றாகத் தெரியும். பவளப்பாறையின் நிழலிலோ இரவு டைவிலோ பின்விளக்கைத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த ஒற்றைப் பட்டன். தண்ணீருக்குள் அது பிரச்சினையே இல்லை, மேலே படகில்தான் பிரச்சினை. நைட்ராக்ஸ் 32, அதாவது 32 சதவீத ஆக்ஸிஜன் உள்ள கலவை, என்று மாற்ற வேண்டும் என்று வையுங்கள். சாதாரணக் காற்றின் 21-இலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிறீர்கள், படகு ஆடுகிறது, 33-க்குப் போய்விட்டது. பின்னால் வர வழியில்லை, முழுச் சுற்றும் சுற்றித்தான் 32-க்கு வர வேண்டும். இன்னொரு பக்கம் டைவ் மாஸ்டர் பிரீஃபிங்கை ஆரம்பித்துவிட்டார். இந்த அவசரத்தில் "சரி, காற்று என்றே இருக்கட்டும்" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. நோ-டெகோ கணக்குக்கு அது பாதுகாப்பான பக்கம்தான். ஆனால் ஆக்ஸிஜன் கணக்கு தப்பாகிவிடும். 32 சதவீத நைட்ராக்ஸில், ஆக்ஸிஜன் அழுத்தத்துக்கு வழக்கமாக வைக்கும் 1.4 என்ற வரம்பின்படி 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. காற்று என்று நம்பிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அங்கே உங்களை எச்சரிக்காது. பட்டன் எண்ணிக்கையைச் சும்மா சௌகரிய விஷயமாக நான் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

டேங்க் பிரஷரைக் காட்டும் வசதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதற்கு ரெகுலேட்டரில் (டேங்க் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி), டேங்கோடு இணையும் முதல் நிலையின் உயர் அழுத்தத் துளையில் ஒரு டிரான்ஸ்மிட்டரைத் திருக வேண்டும். நீங்கள் இன்னும் வாடகை ரெகுலேட்டர்தான் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு டிரிப்பிலும் வாடகைக்குக் கொடுப்பவரிடம் அனுமதி கேட்டு, துளை காலியாக இருக்கிறதா என்று பார்த்து, அடைப்பைக் கழற்றி மாட்டி, கிளம்பும்போது திருப்பிக் கழற்ற வேண்டும். படகுப் பையன் அந்த டிரான்ஸ்மிட்டரையே கைப்பிடி என்று நினைத்து டேங்கைத் தூக்கிவிடுவதும் நடக்கும். அதற்குத் தனி பேட்டரி வேறு. ரேடியோ சிக்னல் அவ்வப்போது விட்டுப்போகும் என்பதால் சாதாரண பிரஷர் கேஜையும் கூடவே வைத்திருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும் ஆகும் செலவு ஓர் எளிய கம்ப்யூட்டரின் விலைக்குக் குறையாது. சொந்த ரெகுலேட்டர் வாங்கும் நாளில் இதைப் பற்றிப் பேசுவோம்.

ஆகவே என் சிபாரிசு இருவர் சொன்னதற்கும் நடுவில் இருக்கிறது. வாட்ச் போல் இல்லாமல், மணிக்கட்டில் கட்டும் அகலத் திரை மாடல். ஷியர்வாட்டர் பெரக்ரின் இதற்கு நல்ல உதாரணம்: 2.2 அங்குல வண்ணத் திரை, இரண்டு பட்டன், மெனு முழுவதும் வார்த்தைகளில் இருக்கும். பழைய பெரக்ரினில் டேங்க் பிரஷரும் காம்பஸும் கிடையாது. பிறகு வந்த பெரக்ரின் டிஎக்ஸில் இரண்டும் உண்டு. உங்களுக்குப் பழையதே போதும். பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் லியோனார்டோவை வாங்குங்கள், தப்பே இல்லை. வீட்டில் உட்கார்ந்து அந்த ஒற்றைப் பட்டனை விரல் மறக்காத அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையேட்டைத் தொடாமல், நைட்ராக்ஸ் 32 வையுங்கள். பழைய டைவ் ஒன்றின் அதிகபட்ச ஆழத்தைத் தேடுங்கள். திரும்பக் காற்றுக்கு மாற்றுங்கள். கடைக்காரர் ஒவ்வொரு படியிலும் எட்டிப் பார்த்து உதவ வேண்டியிருந்தால் அது உங்களுக்கான மாடல் இல்லை.

கேள்வி: நானும் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து அடிக்கடி மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போய் டைவ் செய்கிறோம். என்னுடையது கார்மின், அவருடையது பழைய சூன்டோ. முதல் டைவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்டுகின்றன. மூன்றாவது டைவில் எனக்கு 14 நிமிடம் மிச்சம் என்றால் அவருக்கு 6 என்கிறது. ஒன்று பழுதா? இரண்டையும் ஒன்றாக்க வழி உண்டா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே பழுதில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கைப் போடுகின்றன.

கார்மின், ஷியர்வாட்டர், புதிய சூன்டோ ஓஷன் ஆகியவை, ஜூரிக்கில் ஆய்வு செய்த ஆல்பர்ட் பியூல்மன் என்ற மருத்துவரின் கணக்கைப் பின்பற்றுகின்றன. உடம்பை 16 கற்பனைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை அது. மிக வேகமான பகுதி சில நிமிடங்களிலேயே பாதி நிரம்பும், மிக மெதுவானதற்கு 635 நிமிடம் ஆகும். உங்கள் மனைவியிடம் இருப்பது போன்ற பழைய சூன்டோக்கள், கிரெஸ்ஸி லியோனார்டோ, மாரெஸ் பக் ப்ரோ ஆகியவை ஆர்ஜிபிஎம் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. நுண்ணிய குமிழிகளையும் கணக்கில் சேர்க்கும் முறை. டைவ்களுக்கு நடுவே ஓய்வு குறைவாக இருந்தாலோ வேகமாக மேலே வந்திருந்தாலோ அடுத்த டைவில் நிமிடங்களைக் குறைத்துவிடும். மூன்றாவது டைவில் மட்டும் இடைவெளி பெரிதாவதற்குக் காரணம் இதுதான்.

ஒரே கணக்கைப் போடும் கருவிகளுக்குள்ளும் வித்தியாசம் வரும், ஏனென்றால் எச்சரிக்கை அளவை நாமே மாற்றலாம். கார்மினில் நடுத்தர அளவு 40/85 என்று இருக்கும். மேலே வரும்போது பியூல்மன் வரம்பில் 85 சதவீதத்தைத் தாண்டவிடாது என்பது இரண்டாவது எண்ணின் பொருள். அதை 95 ஆக்கினால் நிமிடங்கள் கூடும், 75 ஆக்கினால் குறையும். நிமிடம் கூடும்போது பாதுகாப்பு விளிம்பு குறைகிறது.

இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்றால், உங்கள் கார்மினைக் கடுமையாக்குங்கள். சூன்டோவைத் தளர்த்தாதீர்கள். அதைவிட எளிய வழி, தண்ணீருக்குள் எதில் நிமிடம் குறைவோ அதைப் பார்த்து இருவரும் சேர்ந்தே மேலே வருவது. எட்டு நிமிடம் போய்விட்டதே என்று வருத்தம் இருக்கும். ஆனால் நோ-டெகோ எண் ஒரு சராசரிக் கணக்கு. அன்று நீங்கள் தூங்காததும், தண்ணீர் குடிக்காததும், நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியதும் அதற்குத் தெரியாது. அந்த எண் பூஜ்யத்தைத் தொடும்வரை இருப்பது நியாயமான பயன்பாடு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரே கம்ப்யூட்டரை இருவரும் பகிர்ந்துகொள்ளலாமா என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. காலையில் கணவர், மதியம் மனைவி என்று கட்டினால் அது கணவரின் நைட்ரஜனை மனைவியின் கணக்கில் எழுதும். கைடிடம் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று விடுவதும் அதே கதைதான். அவர் உங்களுக்கு மேலே நான்கு மீட்டரில் மிதந்துகொண்டிருக்கலாம். வாடகைக்கு எடுத்தாலும், டிரிப் முழுவதும் அதே கருவியைக் கட்டுங்கள்.

கேள்வி: கையில் ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா இருக்கிறது. அதுவே டைவ் கம்ப்யூட்டராகும் என்கிறார்கள். தனியாக ஒன்று தேவையா? (கோவை வாசகர்)

பதில்: வாட்சில் வரும் ஆழம் காட்டும் செயலி ஆழம், நேரம், வெப்பநிலை மட்டும்தான் காட்டும். நோ-டெகோ கணக்கு வேண்டும் என்றால் ஓஷியானிக் பிளஸ் என்ற செயலிக்குச் சந்தா கட்ட வேண்டும். கட்டினால் உண்மையிலேயே கம்ப்யூட்டர்தான், பியூல்மன் கணக்கைத்தான் போடுகிறது. தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது, பக்கவாட்டுப் பட்டனும் கிரவுன் என்ற திருகும்தான். 40 மீட்டர் வரைதான் அனுமதி. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையும் அதுவே என்பதால் அது பெரிய குறை இல்லை.

எனக்குள்ள தயக்கம் வேறு. காலையில் ஃபோன் அழைப்பு, பகலில் நடைக் கணக்கு, இரவில் தூக்கக் கணக்கு என்று நாள் முழுக்க உழைக்கும் வாட்ச் அது. டைவுக்குக் கிளம்பும் காலையில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்பது உங்கள் ஒழுங்கைப் பொறுத்தது. வருடத்துக்கு ஒரு விடுமுறை, 18 மீட்டர், கூடவே கைடு என்றால் அல்ட்ரா போதும். நைட்ராக்ஸ் கற்று 30 மீட்டருக்கு இறங்க ஆரம்பித்துவிட்டால் தனிக் கருவி வாங்கிக்கொண்டு, அல்ட்ராவை இரண்டாவது கையில் துணைக்கு வையுங்கள்.

கேள்வி: சார்ஜ் செய்வதா, பேட்டரி மாற்றுவதா, எது நல்லது? (மதுரை வாசகர்)

பதில்: தினமும் கரண்ட் உள்ள அறைக்குத் திரும்புகிறீர்கள் என்றால் சார்ஜ் செய்வது. ஒரு முறை முழுதாக ஏற்றினால் பெரக்ரின் 30 மணி நேரம் ஓடும், ஒரு வார டைவிங்குக்குத் தாராளம். கரண்ட் நம்பகமில்லாத தீவுகளுக்குப் போகிறீர்கள் என்றால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஏஏ பேட்டரி போடும் ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் 2 போன்றது நிம்மதி. நாணய வடிவ பேட்டரி உள்ள எளிய மாடல்களுக்கு மாற்று பேட்டரியையும், தண்ணீர் புகாமல் மூடியை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

கேள்வி: அந்தமானில் கடைசி டைவ் முடிந்ததும் என் கம்ப்யூட்டர் 24 மணி நேரம் விமானம் ஏறாதே என்கிறது. இன்ஸ்ட்ரக்டர் 18 போதும் என்கிறார். யாரை நம்ப? (திருச்சி வாசகர்)

பதில்: 18 மணி என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் வழிகாட்டுதல். நோ-டெகோவுக்குள் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி, பல டைவ்கள் அல்லது பல நாள் என்றால் 18 மணி, மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்கும் டெகோ நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக அதிகம். கம்ப்யூட்டர் நிறுவனங்கள் பல, எதற்கும் இருக்கட்டும் என்று 24 வைக்கின்றன. இன்ஸ்ட்ரக்டர் சொன்னது தவறில்லை. ஆனாலும் டிக்கெட் போடும்போதே கடைசி நாளைக் காலியாக விட்டால் இந்த வாதமே வராது.

கேள்வி: இணையத்தில் பழைய கம்ப்யூட்டர் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: நேரில் பார்க்க முடிந்தால் மட்டும். பதிவில் உள்ள அதிகபட்ச ஆழத்தைப் பாருங்கள், அந்த மாடலின் வரம்பைத் தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பட்டனும் அழுத்தியதும் தானாக மேலே வருகிறதா, உப்பில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரப் படலம் இருக்கவே கூடாது. பேட்டரி மாற்றும் மாடல் என்றால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே உலோகத்தில் பச்சை பூத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், முதல் டைவில் இன்னொருவரின் நல்ல கம்ப்யூட்டரோடு ஒரே கையில் கட்டிக்கொண்டு இறங்குங்கள். இரண்டின் ஆழமும் அரை மீட்டருக்கு மேல் விலகினால் சர்வீஸ் பார்க்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். அதனால்தான் விற்பவரிடம் பில்லையும் வரிசை எண்ணையும் முதலிலேயே கேட்டு வாங்கச் சொல்கிறேன், அவை இல்லாமல் சில சர்வீஸ் மையங்கள் கருவியைக் கையில்கூட வாங்குவதில்லை.