இரண்டு வரி இடம் மாறினால்

ஐயா,
இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டேன். நிரல் எழுத வைத்து இயற்பியல் கற்பிப்பது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. ‘இது இயற்பியலும் இல்லை, கணினியும் இல்லை, எந்தத் துறையிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்’ என்கிறார் என் பேராசிரியர். இதை நம்பி இறங்கலாமா?
மா.

அன்புள்ள மா.,

அவர் சொல்வதில் பாதி சரி. நாற்காலியை எந்தத் துறையில் போடுவது என்ற தகராறு இதில் எப்போதும் உண்டு. நிரல் வழியே இயற்பியல் கற்பதை ஆராய்ந்த ஆன்ட்ரியா டிசெஸ்ஸா எம்ஐடியில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். பேராசிரியராக இருந்ததோ பெர்க்லியில், கல்வியியல் பிரிவில். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அது இயற்பியல் துறைக்குள்ளேயே.

சரி, நாற்காலியை விடுங்கள். லோகோ என்பது பிள்ளைகளுக்கான நிரல் மொழி; அதில் கட்டளை கொடுத்தால் திரையில் ஓர் ஆமை நகரும். அந்த ஆமையை நியூட்டன் விதிப்படி ஓடும்படி மாற்றி, 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார் டிசெஸ்ஸா. ஆமையைத் திருப்பலாம், உதைக்கலாம், அவ்வளவுதான். இலக்கில் மோத வைக்க வேண்டும். மேலே போய்க்கொண்டிருந்த ஆமையை வலப்பக்கம் திருப்பி ஓர் உதை விட்டார்கள். உதைத்த பக்கம் போகும் என்பது அவர்கள் கணக்கு. அது சாய்வாகப் போய்த் தவறியது. பழைய வேகம் எங்கே போய்விடும்? எம்ஐடி மாணவி ஒருவரும் முதலில் இப்படித்தான் ஆடினார் என்று டிசெஸ்ஸா 1982-இல் எழுதினார். வேகங்களைத் திசையோடு சேர்த்துக் கூட்டும் வெக்டர் கூட்டல் படித்தவர்!

2000-இல் கார்னெகி மெலன் மாணவர் டேவிட் ஷெரர், பைத்தான் மொழியில் முப்பரிமாணப் படம் காட்டும் விபைத்தானை உருவாக்கியபின், கோளை முப்பரிமாணத்தில் சுற்றவிட இருபது வரி போதும் என்றாயிற்று. விசையைக் கணக்கிட்டு, வேகத்தை மாற்றி, அந்தப் புது வேகத்தில் கோளை நகர்த்தினால் ஒழுங்காகச் சுற்றும். கடைசி இரண்டு வரியும் இடம் மாறி, பழைய வேகத்திலேயே நகர்த்தினால் சுற்றுக்குச் சுற்று விலகிக்கொண்டே போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒரு மாணவி இதை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, “நிஜக் கோளும் இப்படி விலகுமா, இல்லை என் நிரல்தான் தப்பா?” என்று கேட்டாள். ஆற்றல் அழியாது என்பதை ஒப்பிக்கத் தெரிந்தவள்தான். கோளின் மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, அதை வைத்தே நிரலைச் சோதிக்கலாம் என்று தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று கேட்பதுதான் உங்கள் ஆய்வு. இதில் இயற்பியல் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஒன்று செய்யுங்கள். நிரல் எழுதும் வகுப்பு ஒன்றில் ஒரு வாரம் பின்வரிசையில் உட்காருங்கள். பிழையைத் திருத்திக் கொடுக்கக் கை துறுதுறுக்கும். திருத்தாமல், அவர்கள் பேசிக்கொள்வதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது அலுக்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.