காமாலை வராத வீட்டிலும் ஏன் கேள்வி கேட்கிறார்கள்?

வாசகர் கேள்வி: எங்கள் தெருவில் 28 பேருக்கு மஞ்சள் காமாலை. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது. முதல் ஆளுக்குக் கண் மஞ்சளானது பிப்ரவரி 20. மார்ச் 5 வாக்கில் அதிகம் பேர் படுத்தார்கள். கடைசி ஆள் மார்ச் 27. அந்த 28 பேரில் 20 பேர் தெருமுனைப் பானிபூரி வண்டியில் சாப்பிட்டவர்கள். பிப்ரவரி நடுவில்தான் வந்த வண்டி அது, நலச்சங்கம் துரத்திவிட்டது. அதன்பிறகு வந்த சுகாதார ஆய்வாளர்கள், நோயே வராத எங்கள் வீட்டிலும் அரைமணி நேரம் விசாரித்தார்கள். காரணம்தான் தெரிந்துவிட்டதே, எதற்கு இது? தண்ணீரை எடுத்துச் சோதித்தால் போதாதா?

பதில்: வண்டிக்காரர் மேல் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதிய தேதிகளே அவரை விடுவித்துவிடுகின்றன.

ஹெபடைடிஸ் ஏ கிருமி வயிற்றுக்குள் போன அன்றே காமாலை வராது. குறைந்தது 15 நாள், சராசரியாக 28 நாள், அதிகபட்சம் 50 நாள் ஆகும். ஒரே சமயத்தில் பலருக்குக் கிருமி போயிருந்தால், அது எப்போது என்று பின்னோக்கி எண்ணிப் பார்க்கலாம். முதல் நோயாளியின் தேதியிலிருந்து 15 நாள் பின்னால் போனால் பிப்ரவரி 5. உச்சத்திலிருந்து 28 நாள் பின்னால் போனாலும் பிப்ரவரி 5. கடைசி ஆளிலிருந்து 50 நாள் போனாலும் அதே தேதிதான். வழக்கமாக இவ்வளவு கச்சிதமாக வராது, ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும். எப்படிப் பார்த்தாலும், பிப்ரவரி நடுவில் வந்த வண்டி பிப்ரவரி 20-ல் ஒருவர் கண்ணை மஞ்சளாக்கியிருக்க முடியாது.

அப்படியென்றால் 28-ல் 20 பேர்? இங்கேதான் உங்கள் வீட்டில் எடுத்த அரைமணி நேரத்துக்கு வேலை வருகிறது. நோய் வராதவர்களில் எத்தனை பேர் பானிபூரி சாப்பிட்டார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உதாரணத்துக்கு, தெருவில் மொத்தம் 140 பேர், அதில் 100 பேர் அந்த வண்டியில் சாப்பிட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100-ல் 20 பேருக்கு நோய், அதாவது 20 சதவீதம். சாப்பிடாத 40 பேரில் மீதி 8 பேருக்கு நோய். அதுவும் 20 சதவீதம்தான்! தெருவே சாப்பிட்டால், நோயாளிகளிலும் பெரும்பாலோர் சாப்பிட்டவர்களாகத்தானே இருப்பார்கள்.

இதே 140 பேரைத் தண்ணீரை வைத்துப் பிரித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்த 60 பேரில் 24 பேருக்கு நோய், கேன் தண்ணீர் குடித்த 80 பேரில் 4 பேருக்குத்தான் என்று வந்தால்? 40 சதவீதத்துக்கு 5 சதவீதம், எட்டு மடங்கு. நோய் வராதவர்களின் பதில் இல்லாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

கேன் தண்ணீர் குடித்தும் நோய் வந்த அந்த 4 பேரை ஆய்வாளர்கள் சும்மா விடமாட்டார்கள். பல் துலக்கியது எந்தத் தண்ணீரில், டியூஷன் வீட்டில் என்ன குடித்தான் என்று குடைவார்கள். 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது அந்தத் தெருப் பம்புத் தண்ணீர் மேல் சந்தேகப்பட்ட ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செய்ததும் இதைத்தான். வெகுதூரத்தில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை காலராவில் இறந்தார். விசாரித்தால், பிராட் தெருப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்களோ தப்பித்தார்கள். அவர்கள் குடித்தது பீர், ஆலைக்குத் தனிக் கிணறும் இருந்தது. இறப்புகளை வீடு வீடாகக் குறித்து ஸ்னோ போட்ட வரைபடத்தைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டு விதிவிலக்குகள்தான் அதைவிடப் பெரிய சாட்சி.

சரி, தண்ணீரைச் சோதித்தால் போதாதா? இன்று பிடிக்கும் தண்ணீர் பிப்ரவரி 5-ம் தேதித் தண்ணீர் அல்ல. காமாலை தெரியவரும்போது குழாய் சுத்தமாகியிருக்கலாம். இன்னொரு சிக்கல், வழக்கமான சோதனை தேடுவது மலத்தில் இருக்கும் பாக்டீரியாவை. குளோரினுக்கு அது சீக்கிரம் செத்துவிடும், காமாலை தரும் வைரஸ் தாக்குப்பிடிக்கலாம். 1955 நவம்பரில் டெல்லியில் யமுனையின் போக்கு மாறி, நஜஃப்கர் கால்வாய்ச் சாக்கடை வசீராபாத் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. குளோரினை ஏற்றினார்கள். டைபாய்டு கூடவில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை. அது ஹெபடைடிஸ் இ (தண்ணீரில் பரவும் இன்னொரு காமாலை வைரஸ்) என்பது, அன்று சேமித்து வைத்த ரத்த மாதிரிகளைப் பல வருடங்கள் கழித்துச் சோதித்தபோதுதான் தெரிந்தது. கிருமிக்குப் பெயர் தெரியாமலேயே, தேதிகளை எண்ணித் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டியது பிப்ரவரி முதல் வாரத்தைப் பற்றி. தெருவைத் தோண்டினார்களா? சாக்கடை அடைத்து வழிந்ததா? ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் தெருக்களில், விடாத நேரம் குழாய் காலியாக இருக்கும். விரிசலும் பக்கத்தில் சாக்கடையும் இருந்தால் அழுக்கு உள்ளே கசியும். இதில் மெயின் லைனிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள் வேறு! அந்த மோட்டார் தண்ணீரோடு சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். நலச்சங்கம் துரத்த வேண்டியது இந்த மோட்டார்களைத்தான்.

இன்றைய நிலவரத்தை ஊழியர்கள் உங்கள் குழாயடியிலேயே பார்ப்பார்கள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. நிறமே மாறாவிட்டால் குளோரின் இல்லை, வழியில் ஏதோ அழுக்கு அதைத் தின்றிருக்கலாம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கடைக்கோடி வீட்டுக் குழாயில் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கே அதிகம் வந்ததற்கும் பானிபூரி காரணமல்ல. பெரியவர்கள் பலருக்குச் சிறுவயதிலேயே இது வந்துபோய் எதிர்ப்புச் சக்தி இருக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கண் மஞ்சளாகாது, ஆனால் மலத்தில் கிருமி போகும். போதாததற்கு, கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் கிருமி அதிகம் வெளியேறும். அதனால் நோயாளியை ஒதுக்கிவைப்பதால் பெரிதாகப் பலனில்லை. தண்ணீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது காய்ச்சுங்கள், சம்பைக் கழுவி குளோரின் போடுங்கள், கழிப்பறை போனபின்னும் சமைக்குமுன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். வீட்டில் இன்னும் நோய் வராதவர்களுக்குத் தடுப்பூசி போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

படுத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். கீழாநெல்லிக்கு இவ்வளவு நல்ல பெயர் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் குழப்பமான பேச்சு, ஓயாத வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், ரத்தக் கசிவு இருந்தால் உடனே மருத்துவமனை. கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் காத்திருக்கவே கூடாது. அது ஹெபடைடிஸ் இ ஆக இருந்தால், கடைசி மாதங்களில் உயிருக்கே ஆபத்து.

கடைசி ஆளிடமிருந்து வீட்டாருக்குத் தொற்றியிருந்தால் அது வெளியே தெரிய இன்னும் ஐம்பது நாள் ஆகலாம். மே கடைசி வாரம் வரை புதிதாக யாருக்கு வந்தாலும் பெயர், வயது, கண் மஞ்சளான தேதி, குடித்த தண்ணீர் நான்கையும் குறித்து ஆய்வாளரிடம் கொடுங்கள்.