சட்டம் வந்ததும் அமெரிக்காவில் நிறவெறி ஒழிந்துவிட்டதா?

"1964-இலேயே சட்டம் வந்தாச்சு, ஒபாமா அதிபராகவும் ஆகிவிட்டார், இன்னும் என்ன நிறவெறி?" என்று கேட்டிருக்கிறீர்கள். தனிக் குடிநீர்க் குழாய், தனி இருக்கை போன்ற வெளிப்படையான பாகுபாட்டைச் சட்டம் ஒழித்தது உண்மை. சொத்து விஷயம் வேறு.

1930களில் அரசின் வீட்டுக்கடன் கழகம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வசித்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம். கடன் கொடுத்தால் ஆபத்து என்று பொருள். கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் அத்தகைய பகுதிகளில் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. கைநிறையச் சம்பளம் வாங்கினாலும் பயனில்லை. நியூயார்க் அருகே 1947-இல் எழுந்த லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பில், வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு!

இதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1968-இல். அதற்குள் வெள்ளையர் வாங்கிய வீடுகள் பல மடங்கு விலையேறி, பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலுக்கும் முதலாகிவிட்டன. மத்திய வங்கியின் 2022 ஆய்வில், சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் சொத்து, அதேபோல் நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தினுடையதைப்போல ஏறக்குறைய 6 மடங்கு.

"உழைத்தால் முன்னேறலாமே" என்று நம்மவர்களே சொல்வதுதான் எனக்கு வருத்தம். இந்தியர்கள் பெருமளவில் அங்கே குடியேற வழிவிட்ட 1965 சட்டமே, கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறை சென்று நடத்திய உரிமைப் போராட்டத்தின் சூழலில் பிறந்ததுதான்.